எலிவால் மீனின் வயது தெரியாமல் ஆழத்தில் வலை போட வேண்டாம்

கொல்லம், தூத்துக்குடி பக்கம் ஆழ்கடல் இறாலுக்குப் போகும் இழுவைப் படகுகளில் எலிவால் மீன்களும் ஏறி வரும். பெரிய கண், பருத்த தலை, அதன் பின்னால் மெலிந்துகொண்டே போகும் உடல். வால்துடுப்பு கிடையாது. பெரும்பாலான இனங்களுக்குத் தாடையடியில் ஒற்றை மீசை இருக்கும். இருட்டில் தரையைத் தடவி இரை தேட அதுதான் துணை. வாங்க ஆளில்லாததால் சங்காயத்தோடு, அதாவது விலைபோகாத கழிவு மீன்களோடு, சேர்ந்துவிடும்.

மக்ரூரிடே என்ற இந்தக் குடும்பத்தில் சுமார் 400 இனங்கள் உண்டு. மீன்வள ஆய்வில் இருக்கிறவர்கள் மீனின் வயதை அதன் உள்காதில் இருக்கும் சிறு கல்லான காதுக்கல்லை வைத்துக் கணிக்கிறோம். மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஆண்டு வளையங்கள் தெரியும். நெய் மத்தி ஒரு வருடத்துக்குள்ளேயே முட்டையிடத் தயாராகிவிடும். வட அட்லாண்டிக்கின் உருண்டைமூக்கு எலிவாலுக்கோ அதற்குப் பத்து வருடம் போல ஆகும். அறுபது வயதைத் தாண்டியும் வாழும். எவ்வளவு பிடிக்கலாம் என்று மத்திக்குப் போடுகிற கணக்கை இதற்குப் போடவே முடியாது.

அங்கே அந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். 1960-களின் நடுவில் சோவியத் கப்பல்கள் இதைத் தேடிப் போயின. வடமேற்கு அட்லாண்டிக்கில் 1971-ல் பிடிப்பு 80,000 டன்னைத் தாண்டியது, அப்புறம் சரிவுதான். 1978-க்கும் 1994-க்கும் இடையில் கனடாவின் ஆய்வு வலைகளில் இதன் எண்ணிக்கை 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இன்று அது மிக அருகிய இனம். 800 மீட்டருக்குக் கீழே அடிமட்ட இழுவலையை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது 2016-ல்தான்.

‘சின்னதைத் திரும்ப விட்டுவிடலாமே’ என்று கேட்பார்கள். பலன் இல்லை. 600 மீட்டர் ஆழத்தில் சுமார் 60 மடங்கு அழுத்தம். மேலே இழுக்கும்போது காற்றுப்பை ஊதிப்போய், வயிறு வாய் வழியே பிதுங்கிவிடும். கடலில் போட்டாலும் பிழைக்காது.

ஆழ்கடல் மீன்பிடிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக 2017-ல் வந்த சூரைத் தூண்டில் திட்டமும் அந்தப் பெயரில்தான் பேசப்படுகிறது. சூரை ஆழ்கடலின் மேல்நீரில் ஓடுவது, சீக்கிரம் வளர்வது. தரையை வாரும் வலை வேறு விஷயம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்துப் பேசும்போதுதான் தப்பான அனுமதிகள் கிடைத்துவிடுகின்றன.

ஆழ்கடல் இறால் படகு கரைக்கு வந்ததும் சங்காயத்தில் இருக்கும் எலிவால் மீன்களின் இனம், நீளம், வலை போட்ட ஆழம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். கொஞ்சம் காதுக்கல்லும் எடுக்க வேண்டும். இன்னும் ஆழத்துக்குப் படகு அனுப்புவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.