"பத்து நிமிஷ நாடகம் ஒண்ணு அனுப்புங்க சார்"

பள்ளிகளில் ஆண்டு விழா நெருங்கினால், ஆசிரியர்கள் அழைத்து என் போன் ஓயாது. "சார், பத்து நிமிஷத்துல முடியிற மாதிரி, நல்ல கருத்தோட ஒரு நாடகம் வாட்ஸப்ல அனுப்புங்க." எந்த வகுப்பு, எத்தனை பிள்ளைகள், மேடையில் எத்தனை மைக் என்று கேட்டால் பதில் வராது.

போன வாரம் ஒரு பள்ளியில் நடுவராக உட்கார்ந்திருந்தேன். ஆறு நாடகம், நான்கில் அப்பா குடிகாரர். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், கண்மையில் மீசை வரைந்து, இடுப்பில் நிற்காத லுங்கியை ஒரு கையால் பிடித்தபடியே ஈரல் கெட்டுச் செத்தான். செத்த பிறகும் கையை எடுக்கவில்லை. அரங்கமே சிரித்தது. அப்புறம் ஒரு சிறுமி மைக் முன்னால் வந்து, மது வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு என்று முடித்தாள். பையன் அழுதுகொண்டே இறங்கினான். அவன்மேல் என்ன தப்பு?

கருத்து இருந்தால் நாடகம் ஆகிவிடாது, ஐயா. கருத்துச் சொல்லப் பேச்சுப்போட்டி இருக்கிறது, சுவரொட்டி இருக்கிறது, காலை வழிபாட்டுக் கூட்டம் இருக்கிறது. நாடகத்தில் ஒருவருக்கு ஏதோ வேண்டும், இன்னொருவர் தர மாட்டேன் என்கிறார். அவ்வளவுதான். ருஷ்ய எழுத்தாளர் செகாவின் ஓரங்க நாடகம் ஒன்றில், பெண் கேட்க வந்தவன் வந்த வேலையை மறந்து, ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று அந்தப் பெண்ணோடேயே சண்டை போடுகிறான். அது அடங்கினால், யார் வீட்டு நாய் ஒசத்தி என்று அடுத்த சண்டை. மூன்றே பாத்திரம், ஒரே அறை. புல்வெளியை வரப்பாக்கிப் பதினொன்றாம் வகுப்பில் கொடுத்தேன். வரப்புத் தகராறு எப்படிப் போடுவது என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பத்து நிமிடம்தான் என்றால் முதல் சண்டையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

செகாவ் 1904இல் இறந்தவர், மூலத்துக்குப் பதிப்புரிமைச் சிக்கலில்லை. ஆனால் தமிழில் பெயர்த்தவருக்குத் தனி உரிமை உண்டு. நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். அதனால் 2025 முதல் அவர் நாடகங்களை யாரையும் கேட்காமல் போடலாம். ஆசிரியரும் மாணவரும் நடித்து, பள்ளிக்குள்ளேயே பெற்றோர் பார்க்கிற நிகழ்ச்சிக்குச் சட்டம் விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டால், வெளிப்போட்டிக்குப் போனால், எழுதியவரைக் கேளுங்கள். நான் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

பக்கத்தை எண்ணி நேரம் கணிக்காதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படியுங்கள். ஏழு நிமிடத்தில் படித்தது மேடையில் பத்தைத் தொடும். விளக்கணைத்துக் காட்சி மாற்றும் நாடகம் வேண்டவே வேண்டாம். பள்ளி மேடையில் இருட்டென்றால் பெஞ்சு இழுக்கிற சத்தமும் விசிலும்தான். நாற்பது பேருக்கும் வேடம் தரவேண்டுமா, சந்தையோ பேருந்து நிலையமோ வருகிற கதையாகப் பாருங்கள். யாரையும் மரமாக நிறுத்தாதீர்கள்.

தேர்வு செய்யும் முன் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஒருமுறை படிக்கவிடுங்கள். எந்த இடத்தில் நெளிகிறார்கள், எந்த வசனத்துக்கு "நான் சொல்றேன் மிஸ்" என்று கை தூக்குகிறார்கள் என்று பாருங்கள். அதற்கப்புறம் எனக்குப் போன் செய்யலாம்.