வால்ஐ: சுவரும் அல்ல, வாளையும் அல்ல

அமெரிக்காவின் டென்னசி, ஆர்கன்சா பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் ஜனவரி பிறந்ததும் ‘விண்டர் வால்ஐ’, அதாவது குளிர்கால வால்ஐ மீன், என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டே சொல். தமிழில் எழுத உட்கார்ந்தால் இரண்டுமே வம்பு செய்கின்றன. மீனின் பெயரில் வம்பு அதிகம் என்பதால் அதை முதலில் பார்ப்போம்.

அப்படியே ஒலிபெயர்த்துவிடலாமே என்றால், ‘வாலை’ என்று எழுத வேண்டி வரும். தமிழில் வாலை என்றால் இளம்பெண். சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் பாத்திரமும் வாலைதான். அது போகட்டும், ‘வாலை மீன்’ என்று எழுதினால் படிக்கிறவர் எழுத்துப்பிழை என்று நினைத்து வாளை என்றே திருத்திப் படித்துக்கொள்வார். வாளை சங்கப் பாட்டிலேயே துள்ளுகிற மீன். கெளுத்தி வகையைச் சேர்ந்தது. வால்ஐக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலிபெயர்ப்பு வேண்டுமானால் ‘வால்ஐ’ என்று பிரித்தே எழுத வேண்டும். பார்க்க அழகாக இல்லைதான், குழப்பமாவது இல்லை.

சரி, மொழிபெயர்க்கலாம் என்றால் அடுத்த பள்ளம். ஆங்கிலத்தில் ‘வால்’ சுவர், ‘ஐ’ கண், கூட்டினால் ‘சுவர்க்கண்’. இதில் விழுந்துவிட வேண்டாம். அந்த ‘வால்’ சுவரே அல்ல. பழைய நார்டிக் மொழியில் ‘வாக்ல்’ என்றொரு சொல் உண்டு. உத்தரம், கோழி அடையும் கட்டை என்பது ஒரு பொருள். கண்மேல் படரும் வெண்படலம் என்பது இன்னொரு பொருள். அப்படிப்பட்ட கண் உள்ளவர் ‘வாக்லெய்க்ர்’. இது இடைக்கால ஆங்கிலத்துக்குள் ‘வாவில்’ என்று முன்பகுதி தேய்ந்து நுழைந்தது. பிற்காலத்தார் அதன் பொருள் தெரியாமல், தமக்குத் தெரிந்த சுவரோடு ஒட்டிவிட்டார்கள். பொருள் மறந்த சொல்லைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதான். ஸ்வீடன் மொழியில் ‘வாகெல்’ என்ற உறவுச்சொல் இன்றும் இருக்கிறது. அங்கே அதற்குக் கண்கட்டி என்று பொருள்.

மீனுக்கு வருமுன் இந்தப் பெயர் குதிரைகளுக்கு இருந்தது. கருவிழி வெளுத்த குதிரை ‘வால்ஐ’ உள்ள குதிரை. பார்வை வெளிப்பக்கம் ஒதுங்கும் மாறுகண்ணுக்கும் அதே சொல் வந்து சேர்ந்தது. அகராதியில் இந்தப் பொருளைப் பார்த்துவிட்டு ‘மாறுகண் மீன்’ என்று எழுதினால், மீனுக்கு இல்லாத குறையைச் சொன்னதாகிவிடும்.

எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. கண்ணில் வெள்ளையாகப் படலம் விழுந்தால் நம் ஊரில் என்ன சொல்வோம்? ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்போம். அவர்கள் கண்ணில் உத்தரத்தைப் பார்த்தார்கள், நாம் பூவைப் பார்த்தோம். குறிப்பிடுவது ஒரே வெண்மையைத்தான். ஆக, சொல்லுக்குச் சொல் நேர்த்தமிழ் ‘பூவிழி’. ஆனால் பூவிழி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பெண்பிள்ளையின் பெயர். ‘பூவிழியைக் குழம்பு வைத்தோம்’ என்று யாரும் எழுதத் துணிய மாட்டார்கள்.

இவ்வளவுக்கும் இந்த மீனின் கண்ணில் நோய் எதுவும் இல்லை. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் மின்னுவதற்கும் இப்படியொரு படலம்தான் காரணம். ஒருமுறை உள்ளே போன வெளிச்சத்தை இரண்டாம் முறையும் பயன்படுத்திக்கொள்வதால் அந்தி, இரவு, கலங்கல் நீர் எல்லாவற்றிலும் இரையைவிட இதற்குப் பார்வை அதிகம். டார்ச் அடித்தால் கண் பளிச்சென்று தெரியும். 1818-இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த அமெரிக்க இயற்கையியலாளர் மிட்சில், இலத்தீனில் ‘விட்ரியா’ என்றார். கண்ணாடி போன்றது என்று பொருள். இப்போதைய பெயர் ‘சாண்டர் விட்ரியஸ்’. ஆகவே என் ஓட்டு ‘கண்ணாடிவிழி’க்கு. கண்ணாடிப் பாறை என்று கடல்மீனுக்கு ஏற்கெனவே பெயர் வைத்தவர்கள் நாம். காதுக்கும் புதிதாக இராது.

‘வால்ஐடு பைக்’ (பைக் என்பது வேறொரு நன்னீர் மீன்) என்றும் பழைய பெயர் ஒன்று உண்டு. இது பைக் இனமே அல்ல, பெர்ச் குடும்பம். கனடாவில் பலர் ‘பிக்கரெல்’ என்பார்கள், அதுவும் பைக் குட்டியின் பெயர்தான். கியூபெக்காரர்கள் மட்டும் மேனி நிறத்தைப் பார்த்து ‘டோரே’, அதாவது பொன்னிறத்தான் என்கிறார்கள்.

இப்போது ‘விண்டர்’. மின்னசோட்டாவில் இந்த மீனை 1965-இல் மாநில மீனாகவே அறிவித்திருக்கிறார்கள். அங்கே குளிர்கால மீன்பிடி என்றால் ஏரி உறைந்து, அதன்மேல் கொட்டகை போட்டு, பனிக்கட்டியைத் துளைத்துத் தூண்டில் இறக்குவது. தெற்கே ஏரி உறைவதில்லை. அதே மாதத்தில் படகில்தான் போகிறார்கள். எனவே ‘பனிமீன்பிடி’ என்று பொதுவாக எழுதினால் தவறு. தமிழில் பனி என்பது புல்நுனித் துளியையும் குறிக்கும், பனிக்கட்டியையும் குறிக்கும். வடக்குக்கு ‘உறைபனி மீன்பிடி’ என்று குறிப்பாகச் சொல்லிவிட்டு, தெற்குக்கு நம் ஆறு பருவங்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: பின்பனி. மாசி, பங்குனி. தென்மாநிலங்களில் கண்ணாடிவிழி முட்டையிட ஆறேறுவது பிப்ரவரிக் கடைசியிலும் மார்ச்சிலும்தான். கணக்குச் சரியாக விழுகிறது.

இந்த மீனுக்குக் குளிர் வெறும் சுகமல்ல, தேவை. குளிர்காலத்தில் நீர் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால்தான் சினை சரியாக முற்றும். அதனால்தான் இன்னும் தெற்கே வெப்பமான நீரில் இது நிலைப்பதில்லை. நீர் 6 முதல் 10 டிகிரி வரை இருக்கும்போது ஆற்றுக் கூழாங்கல்லில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். ஆண்கள் முன்னால் வந்து காத்திருக்கும். மேலே போக அணை தடுக்குமிடத்தில், அணைக்குக் கீழ்ப்புறத்து ஓட்டத்தில் மீன் குவியும். தூண்டில்காரர்களும் அங்கேதான் குவிவார்கள்.

அங்கே இதன் முக்கிய இரை ஷாட் என்ற சிறுமீன். நம் மத்திக்குத் தூரத்து உறவு. அதில் நூல்துடுப்பு வகைக்குக் குளிர் ஆகாது. 7 டிகிரிக்குக் கீழே தள்ளாட ஆரம்பித்து, இன்னும் குளிர்ந்தால் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும். தள்ளாடி மூழ்கும் இரையைக் கண்ணாடிவிழி கீழே நின்று வாங்கிக்கொள்கிறது. ‘ஸ்பூன்’ எனப்படும் உலோகத் தகட்டைத் தூண்டில் நரம்பில் கட்டி நேர்கீழே இறக்கி, தூக்கி, விழவிடுவது இந்தத் தள்ளாட்டத்தைப் போலச் செய்வதற்குத்தான். நம் ஊர்த் தூண்டில்காரர்கள் இதை ‘ஜிக்கிங்’ என்றே சொல்கிறார்கள், விட்டுவிடலாம். டேல் ஹாலோ, புல் ஷோல்ஸ் போன்ற தெளிந்த ஏரிகளில் பலர் இரவில் போவதற்குக் காரணம், மேலே சொன்ன அந்தக் கண்.

தெற்கத்தி நீரை ஏளனமாக நினைக்க வேண்டாம். மின்னசோட்டாவின் சாதனை மீன் 1979-இல் பிடித்த 17 பவுண்டு 8 அவுன்சு. கென்டக்கியின் கம்பர்லாண்ட் ஏரியில் 1958-இலேயே 21 பவுண்டு 8 அவுன்சு. ஆர்கன்சாவின் கிரியர்ஸ் ஃபெரி ஏரியில் 1982 மார்ச்சில் ஆல் நெல்சன் பிடித்தது 22 பவுண்டு 11 அவுன்சு, ஏறக்குறைய 10.3 கிலோ. டென்னசியின் ஓல்ட் ஹிக்கரி ஏரியில் 1960-இல் மேப்ரி ஹார்ப்பர் பிடித்ததாகச் சொல்லும் 25 பவுண்டு மீன்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஆனால் அதை நம்பலாமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நன்னீர் மீன்பிடிப் புகழ்மன்றம் 1996-இல் அதை நீக்கிவிட்டது, சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் வைத்திருக்கிறது. வளர நீண்ட வெயில்காலம், தின்னக் கொழுத்த ஷாட். மீன் பெருக்க வேறென்ன வேண்டும்.

கடைசியாக ஒரு சின்ன சிக்கல். அணைக்குக் கீழே சிக்குவதெல்லாம் கண்ணாடிவிழி அல்ல. முதுகுத் துடுப்பில் புள்ளி வரிசை இருந்தால் அது தம்பி முறையான ‘சாகர்’. வால் துடுப்பின் கீழ்நுனி வெள்ளையாக இருந்தால் கண்ணாடிவிழி. இரண்டையும் கலந்து பண்ணையில் உருவாக்கி ஏரிகளில் விட்டிருக்கும் மூன்றாவது, சாகரும் வால்ஐயும் சேர்ந்த ‘சாகை’. இதற்கு மட்டும் நான் தமிழ்ப்பெயர் தேடப்போவதில்லை. சாகை என்றால் ஏற்கெனவே நம் அகராதியில் கிளை என்று இருக்கிறது.