பொய்மீனுக்குத் தரை தெரியாது

உவரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஃபைபர் படகில் பொய்மீனை (மீன்போலச் செய்த செயற்கை இரை) இழுத்துக்கொண்டு போகும்போது சீலா மீன் அடிக்கிறது. அதே வழியில் திரும்பும்போது ஒன்றுகூட அடிப்பதில்லை. ஜிபிஎஸ்ஸில் இரண்டு தடவையும் 5 நாட்தான் (மணிக்கு 5 கடல் மைல்). கண்ணு பட்டுவிட்டது என்கிறார் சித்தப்பா."

சித்தப்பா மன்னிக்கட்டும், இது நீரோட்டத்தின் வேலை. ஜிபிஎஸ் காட்டுவது தரையை வைத்துக் கணக்கிட்ட வேகம். பொய்மீனுக்குத் தண்ணீர்தான் கணக்கு. நீரோட்டம் 1.5 நாட் என்றால், அதன் கூடவே போகையில் நீர்வேகம் 3.5, எதிர்த்து வருகையில் 6.5. இரண்டு மடங்குகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் நீரின் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு.

ஈயக்குண்டு கட்டிய தூண்டிலில் குண்டின் எடை மாறாது, பின்னுக்கு இழுக்கும் விசை மட்டும் ஏறும். அதனால் வேகம் கூடக் கூடக் குண்டு மேலே வந்துவிடும். நாக்கு வைத்த பொய்மீன் அப்படி இல்லை. வாயருகே சாய்ந்து நிற்கும் தகடு தண்ணீரை மேலே தள்ள, தண்ணீர் அதைக் கீழே அழுத்துகிறது. பத்தாம் வகுப்பு நியூட்டன்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கடுத்த சங்கதி: கீழே அழுத்தும் இந்த விசையும் வர்க்கமாகவே ஏறுகிறது! இரண்டும் சேர்ந்தே வளர்வதால் 3 நாட் வேகத்தில் போகிற ஆழத்துக்கே ஏறக்குறைய 5 நாட்டிலும் போகும்.

அப்புறம் ஏன் கெடுகிறது? பொய்மீனை நிமிர்த்தி வைப்பது அதன் வயிற்றுக்குள் இருக்கும் சிறு எடை. அது வர்க்கமாக ஏறாது. ஓர் எல்லை தாண்டினால் புரட்டும் விசை ஜெயித்துவிடும். பொய்மீன் சாய்ந்து, மேலே வந்து வழுக்கிக்கொண்டு வரும். திரும்பும்போது உங்களுக்கு நடந்தது இதுதான் என்று ஊகிக்கிறேன்.

பொதுவாக நாக்கு வைத்ததற்கு 3 முதல் 6 நாட், கரண்டி வடிவத் தகடான ஸ்பூனுக்கு 2 முதல் 5, சூரைக்கு இழுக்கும் குஞ்சம் வைத்ததற்கு 6 முதல் 9. எல்லாமே நீர்வேகம். தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி மாணவர் யாருக்காவது கொஞ்சம் நிதி கொடுத்து, நம் கரையோர நீரோட்டத்தோடு சேர்த்து இதை அளக்கச் சொல்லலாம். பெரிய கப்பல் வாங்குகிற செலவில்லை.

அதுவரை ஒரு பழைய வழி இருக்கிறது. அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், ஒரு தேங்காய் மட்டையைப் போட்டு, அது பின்பக்கத்தைக் கடக்கும் வினாடிகளை எண்ணுங்கள். 9 மீட்டர் படகில் மூன்றரை வினாடி ஆனால் நீர்வேகம் 5 நாட். இரண்டே வினாடியில் கடந்துவிட்டால் இஞ்சினைக் குறையுங்கள்.