பிள்ளையார் சுழி போட்டதும் கை நடுக்கம் ஏன் நிற்கிறது?

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விடைத்தாளின் உச்சியில் ஒரு 'உ' போட்டேன். அடியில் இரண்டு கோடு. வால் கோணலாகிவிட்டது என்று அதன்மேலேயே இன்னொரு முறை இழுத்தேன். அதற்கப்புறம்தான் பேனா ஓடியது. கல்லூரிக்குப் போனதும் சாமி நம்பிக்கை போய்விட்டது, சுழி மட்டும் போகவில்லை. இன்றைக்கும் என் மளிகைச் சிட்டையில் துவரம் பருப்புக்கு மேலே 'உ' இருக்கும்.

டவுன் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். காய்கறிக் கடை அக்கா போணிப் பணத்தை நெற்றியில் வைத்துவிட்டுத்தான் கல்லாவில் போடுகிறார். இதனால் பிரேக் நன்றாகப் பிடிக்கப்போவதில்லை, தக்காளி விலையும் ஏறப்போவதில்லை. மாற்றம் வேறு இடத்தில் நடக்கிறது.

மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்தார். இன்று அவை பப்புவா நியூ கினியைச் சேர்ந்தவை. ஆபத்தில்லாத காயலுக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் மந்திரச் சடங்கு எதுவும் செய்வதில்லை என்பதை அவர் கவனித்தார். திரும்பி வருவோமா என்பதே தெரியாத திறந்த கடலுக்குக் கிளம்பும்போதுதான் விரிவான சடங்குகள். நிச்சயமின்மை கூடினால் சடங்கும் கூடுகிறது.

இதையே 2015இல் மார்ட்டின் லாங் குழு ஆய்வகத்தில் அளந்து பார்த்தது. மேடைப் பேச்சு என்று சொல்லிச் சிலரைப் பதற வைத்து, கையில் ஒரு பொருளைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார்கள். மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவி. பதற்றம் கூடியவர்களின் கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருப்பது மூளையின் வேலை. வெளியே கணிக்க முடியாதபோது, முதலும் முடிவும் தெரிந்த ஒரு சின்னச் செயலைத் தானே உண்டாக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

அந்தச் செயல் என்னவாக இருந்தாலும் சரிதானா? கிட்டத்தட்ட ஆமாம். 2016இல் அலிசன் வுட் புரூக்ஸ் குழு, அந்நியர் முன்னால் பாடப் போகிறவர்களுக்கு ஒரு புதுச் சடங்கைக் கொடுத்தது. மனநிலையைப் படமாக வரை, மேலே உப்பைத் தூவு, ஐந்து வரை சத்தமாக எண்ணு, தாளைக் கசக்கிக் குப்பையில் போடு. செய்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, பாட்டும் நன்றாக வந்தது. இன்னொரு சோதனையில் ஒரே செயல்களைச் சிலருக்குச் 'சடங்கு' என்றும் சிலருக்கு 'ஏதோ சில செயல்கள்' என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பலன் முதல் கூட்டத்துக்குத்தான். இதற்கு அர்த்தம் உண்டு என்று எடுத்துக்கொள்வதே பாதி வேலையைச் செய்கிறது போலும்.

நாம் ஒரு தப்புச் செய்த நொடியில், பத்தில் ஒரு விநாடிக்குள், மூளையின் முன்பகுதியில் 'ஐயோ' என்பதுபோல ஒரு மின் அலை எழும். 2017இல் டொரோண்டோவைச் சேர்ந்த நிக்கலஸ் ஹாப்சன் குழு, ஒரு வாரம் தினமும் வீட்டில் ஒரு புனைந்த சடங்கைச் செய்ய வைத்துவிட்டு, பிறகு இந்த அலையை அளந்தது. சடங்கு செய்ததும் அலை தணிந்திருந்தது. தப்பு உறைக்கும் சூடு குறைகிறது, அவ்வளவுதான். கணக்கில் மூன்றாவது வரி பிசகியதும் பேனாவைக் கீழே வைக்காமல் அடித்துவிட்டு நான்காவது வரிக்குப் போகிறோமே, தன்னம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுவதில் கணிசமான பகுதி அதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை. 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் பிலிப்பா லாலி, புதுப் பழக்கம் ஒன்றைத் தொடங்கிய 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. நடுவில் ஒருமுறை தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

ஆனால் எல்லாச் சடங்கும் ஒரு சாதி இல்லை. வீட்டைப் பூட்டி, படியிறங்கி, கேஸை அடைத்தோமா என்று திரும்ப ஏறிப் பார்ப்பதும் பார்க்கச் சடங்கு மாதிரிதான். 2003இல் நெதர்லாந்தைச் சேர்ந்த வான் டென் ஹவுட்டும் மெரல் கிண்டும் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி, அதன் திருகுகளை மறுபடி மறுபடி சரிபார்க்க வைத்தார்கள். எந்தத் திருகு என்று கேட்டால் சரியாகவே சொன்னார்கள். நினைவு கெடவில்லை. அது மங்கலாகத் தெரிந்தது, அதன்மேல் இருந்த நம்பிக்கை சரிந்துவிட்டது. பார்க்கப் பார்க்க அது பழகிப்போய், கண்ணால் பார்த்த விவரம் அழுத்தமாகப் பதிவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். ஓ.சி.டி. எனும் எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்கள் மாட்டிக்கொள்ளும் சுழலும் இதுதான். அங்கே சந்தேகத்தைத் தீர்க்கச் செய்வதே சந்தேகத்துக்குத் தீனியாகிறது. அது வாழ்க்கையை முடக்கினால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே வழி.

நான் இப்போதும் இரண்டு தடவை ஏறி இறங்குகிற ஆள். அம்மா அப்படி இல்லை. சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திருப்புவாள், கையை எடுக்காமல் "அடைச்சாச்சு" என்று சுவரைப் பார்த்து ஒருமுறை உரக்கச் சொல்வாள். அப்புறம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். படியில் நான் "கேஸ்?" என்றால் திரும்பியும் பார்ப்பதில்லை.