வீட்டு வயரிங் வேலைக்கு யாரைக் கூப்பிடலாம்?

கொழும்பில் கரண்ட் வேலை என்றால் முதலில் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்போம்: "தெரிந்த வயரிங் பாஸ் யாரும் இருக்கிறாரா?" ஆள் வருவார், வேலை முடியும், லைட் எரியும். அவருடைய தகைமை என்ன என்று கேட்பவர்கள் குறைவு. கட்டாயம் கேட்க வேண்டும். கசியும் கரண்டை நிலத்துக்குள் இறக்கிவிடும் எர்த் வயரே போடாத வீட்டிலும் லைட் நன்றாகத்தான் எரியும்.

கேட்க வேண்டியது என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். இதில் 7 மட்டங்கள் உண்டு: 1 முதல் 4 வரை கைத்தொழில் சான்றிதழ்கள், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். வீட்டு வேலைக்கு வருபவரிடம் எலெக்ட்ரீசியன் தொழிலில் குறைந்தது மட்டம் 3 இருக்க வேண்டும் என்பதைத்தான் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு வலியுறுத்தி வருகிறது. மின்சாரத் துறையை ஒழுங்குபடுத்துவது இந்த ஆணைக்குழுதான். சான்றிதழில் தொழிலின் பெயரையும் பாருங்கள். ஏசி திருத்த எடுத்த சான்றிதழை வைத்து வீடு வயரிங் செய்ய முடியாது.

இன்னொன்று, கைவினைஞர் அடையாள அட்டை. 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. அட்டை இருந்தால் தேசிய அடையாள அட்டையோடு பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் நல்ல தொழிலாளி கோபிக்க மாட்டார்.

சரி, இருபது வருடமாக நம் வீட்டு வேலையெல்லாம் பார்த்த பாஸிடம் ஒரு கடதாசியும் இல்லையே, அவரை விட்டுவிடுவதா? தேவையில்லை. அனுபவத்தை வைத்தே என்.வி.கியூ. எடுக்க வழி இருக்கிறது. மறுபடி வகுப்புக்குப் போகாமல், செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்தும் காட்ட வேண்டும். நைட்டா என்று நாம் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் விசாரிக்கச் சொல்லுங்கள். அதன் தலைமையகம் ராஜகிரியவில்தான். அவருக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி இது.

ஆள் வேலையைத் தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச், அதாவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், விஷயத்தில் கண்ணாக இருங்கள். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மழைக்காலத்தில் அது அடிக்கடி விழும். சுவர் ஊறி எங்கோ கரண்ட் கசிகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். தகைமை உள்ளவர் ஒவ்வொரு சர்க்கிட்டாகக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பார். மற்றவர் ட்ரிப் சுவிட்சையே விலக்கிவிட்டு நேரடியாக இணைத்துக் கொடுப்பார். பிறகு கரண்ட் போகவே போகாது, நமக்கும் நிம்மதி. ஆனால் ஈரக் கையோடு ஒரு பிள்ளை வாஷிங் மெஷினைத் தொட்டால் காப்பாற்ற அங்கே ஒன்றும் இருக்காது. வீடுகளுக்கு வைக்கும் ட்ரிப் சுவிட்ச் வழக்கமாக 30 மில்லி ஆம்பியருடையது. அந்த அளவுக்குக் கசிந்தாலே கண் இமைக்குமுன் விழ வேண்டும். வேலை முடிந்து காசு கொடுக்குமுன் அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை உங்கள் கையாலேயே அழுத்துங்கள். விழாவிட்டால் வேலை முடியவில்லை. அப்புறம் மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். பொத்தான் சுவிட்சை மட்டுந்தான் சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. எர்த்தை அவர் மீட்டரில் அளந்து காட்டட்டும்.

புதிதாகப் பிளக் பொயின்ட் வைப்பதானால் 13 ஆம்பியர் சதுர முள் வகையே போடச் சொல்லுங்கள். இலங்கையின் தர நியமம் அதுதான். ஹீட்டருக்கும் ஏசிக்கும் தனித்தனி லைன் இழுக்க வேண்டும்.

எவ்வளவு தகைமை இருந்தாலும் தனியார் எலெக்ட்ரீசியன் மின்மானியிலோ அதன் சீலிலோ கைவைக்கக் கூடாது. அங்கே கோளாறென்றால் உங்கள் பில் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்துக்குச் சொல்லுங்கள்: கோட்டே, நுகேகொடைப் பக்கம் அது பெரும்பாலும் லெக்கோ எனப்படும் லங்கா மின்சாரக் கம்பனி.