மாவுக்கட்டை எப்போது பிரிப்பது?

ஆறு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரித்ததும் பலர் முதலில் கேட்பது வலியைப் பற்றி இல்லை. "கால் ஏன் இப்படிச் சூம்பிப் போயிருக்கு?" என்றுதான் கேட்பார்கள். இரண்டு கெண்டைக்கால்களையும் டேப்பால் அளந்து காட்டுவேன். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எலும்பு கூடிவிட்டது, கட்டு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஆனால் தாங்கிப் பிடிக்க வேறொன்று இருக்கும்போது உடம்பு தசைக்குத் தீனி போட்டு வளர்ப்பதில்லை. உடம்பு பெரிய கஞ்சன்.

பிசியோதெரபிஸ்டாகப் பல வருடம் இதையே பார்த்துப் பழகியதாலோ என்னவோ, அரசாங்கத்தைப் பற்றி யாராவது விவாதித்தால் எனக்கு அந்த டேப்தான் நினைவுக்கு வரும். அரசு இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டை எப்போது பிரிப்பது என்ற பேச்சை மட்டும் யாரும் எடுப்பதில்லை. தனி ஒருவரால் செய்யவே முடியாததை அரசு கறாராகச் செய்யட்டும், மற்றதை அவரவரிடம் விடட்டும் என்பது என் கட்சி. இதை என் தொழிலுக்குள் நின்றே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், முடியாதது எது? 1960இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்த பிரான்சிஸ் கெல்சியின் மேசைக்கு ஒரு தூக்க மருந்தின் விண்ணப்பம் வந்தது. பெயர் தாலிடோமைடு. ஜெர்மனியில் ஏற்கெனவே தாராளமாக விற்றுக்கொண்டிருந்தது. நிறுவனம் திரும்பத் திரும்ப நெருக்கியும், பாதுகாப்புக்கான ஆதாரம் போதாது என்று அவர் அனுமதி கொடுக்கவில்லை. உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த மருந்தால் கை கால் குறைபாட்டோடு பிறந்தன. எந்தக் கர்ப்பிணியும் வீட்டில் உட்கார்ந்து ஒரு மாத்திரையைப் பரிசோதிக்க முடியாது. "அவரவர் பொறுப்பு" என்று அங்கே போய்ச் சொல்பவனை நான் பக்கத்தில் சேர்க்க மாட்டேன். கொள்ளைநோய்த் தடுப்பு, குடிநீர், விபத்தில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஆம்புலன்ஸ் எல்லாம் இந்த வகைதான். உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டே ஆக வேண்டும்.

சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

எங்கள் துறையில் அதிகம் பேசப்படும் ஓர் ஆய்வு கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் நடந்தது. பின்னால் வந்த வண்டி இடித்துக் கழுத்து வெட்டி இழுக்கும் காயம், சாலை விபத்துகளில் சர்வ சாதாரணம். அங்கே 1995 தொடக்கம் வரை, அடிபட்டவர் இடித்தவர்மேல் வழக்குப் போட்டு "வலிக்கும் வேதனைக்கும்" தனியாக நஷ்டஈடு வாங்கலாம். 1995 ஜனவரியில் சட்டத்தை மாற்றினார்கள். சிகிச்சைச் செலவும் இழந்த வருமானமும் யார் தவறு என்று பார்க்காமல் கிடைக்கும், வேதனைக்கான பணம் கிடையாது. என்ன ஆனது? ஆறு மாதக் கணக்கில் ஒரு லட்சம் பேருக்கு 417 ஆக இருந்த நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் 300 அளவுக்கு இறங்கின. ஒரு கோரிக்கை முடிய எடுத்த காலத்தின் இடைநிலை, அதாவது பாதிக் கோரிக்கைகள் முடிந்துவிடும் காலம், 433 நாளிலிருந்து 200 நாள் அளவுக்கு வந்தது. சாலையில் வண்டி ஓட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

நோயாளிகள் நடித்தார்கள் என்று இதற்கு அர்த்தம் எடுக்கக் கூடாது. வழக்கு நடக்கும்வரை வலி இருக்கிறது என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியவருக்கு வலி போகாது. ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் "இன்னும் வலிக்கிறதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தால், கழுத்தைத் திருப்பவே பயம் வந்துவிடும். அப்படிப்பட்டவர்கள் என்னிடமும் வந்திருக்கிறார்கள், யாரும் பொய்யர்கள் கிடையாது. சட்டம் அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது, நோயாளியாக இருக்கும் வேலை. (அங்கே காப்பீட்டை நடத்தியதும் மாகாண அரசின் நிறுவனம்தான். ஆகவே அரசே கூடாது என்பவர்களுக்கு இந்த ஆய்வு உதவாது. விதி எப்படி எழுதப்படுகிறது என்பதுதான் இங்கே விஷயம்.)

முதுகுவலியிலும் இதே கதை. ஒரு காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டால் நீண்ட படுக்கை ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். 1986இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரு குழுவுக்கு இரண்டு நாள் ஓய்வு, இன்னொன்றுக்கு ஏழு நாள் என்று சொல்லிப் பார்த்தார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் குழுவினர் வேலையைத் தவறவிட்ட நாட்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு. ஆதாரம் வந்த பிறகும் மருத்துவர்களும் நோயாளிகளும் பழக்கத்தை விடவில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997இல் செய்ததுதான் எனக்குப் பிடித்த அரசு. தடையோ புதுச் சட்டமோ கொண்டுவரவில்லை. முதுகு வலித்தால் முடங்காதீர்கள், நடமாடுங்கள், முடிந்தவரை வேலைக்குப் போங்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நிபுணர்களும் மக்களுக்குத் தெரிந்த முகங்களும் வந்து பேசினார்கள். மக்களுடைய நம்பிக்கையும் மாறியது, மருத்துவர்கள் எழுதும் ஆலோசனையும் மாறியது, முதுகுவலிக்கான நஷ்டஈட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. பிரச்சாரம் இல்லாத பக்கத்து நியூ சவுத் வேல்ஸில் நம்பிக்கைகள் அப்படியே இருந்தன. தெரியாததைத் தெரியவைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டது.

தெரிந்தால் மனிதர்கள் மாறுவார்களா என்று கேட்பவர்கள் பிரிட்டிஷ் மருத்துவர்களைப் பார்க்கலாம். ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1950இல் புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமான தொடர்பைக் காட்டினார்கள். அந்த வேலை நடக்கும்போதே டால் தன் சிகரெட்டை நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் நாட்டின் மருத்துவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பிப் பின்தொடர ஆரம்பித்தார்கள். தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடையானது 1965இல்தான். அதற்கு வெகு முன்பே மருத்துவர்கள் பெருமளவில் புகைப்பதை விட்டுவிட்டார்கள். ஆதாரத்தைத் தாங்களே படித்துப் புரிந்துகொண்டதுதான் காரணம். பின்னால் வந்த வரியும் தடையும் மற்றவர்களுக்கு உதவின, அதை மறுக்கவில்லை. பொது இடத்தில் அடுத்தவன் மூக்கில் புகை விடுவது அவனவன் விஷயமும் இல்லை.

கையைப் பிடித்துத் தடுக்கும் சட்டத்துக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. மருந்துக்கு மட்டும் விதிவிலக்கு என்றதும், அரசு அச்சடித்த சீட்டில் மருத்துவர்களே விஸ்கி எழுதிக் கொடுத்தார்கள், பத்து நாளைக்கு ஒரு பைண்ட், கிட்டத்தட்ட அரை லிட்டர். என் சக தொழில்காரர்கள் என்பதால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. டென்மார்க் 2011 அக்டோபரில் வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சியில் உள்ள கொழுப்புக்கு வரி போட்டது. மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கினார்கள். 2013 தொடங்கியபோது அந்த வரி இல்லை.

சரி, அரசை மட்டும் குறை சொல்வானேன். நானே ஒரு காலத்தில் மோசமான அரசாங்கமாக இருந்தேன். சிகிச்சைக்கு வருபவர்களுக்குப் பன்னிரண்டு பயிற்சிகள் அச்சடித்த தாளைக் கொடுப்பேன். எத்தனை தடவை, எத்தனை விநாடி, எந்த நேரம் என எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும், டிக் போட வேண்டும். அடுத்த வாரம் வந்தால் எல்லாக் கட்டத்திலும் டிக். காலை நீட்டச் சொன்னால் நீளாது. வரவேற்பறையில் உட்கார்ந்து மொத்தமாக டிக் போட்டதை ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தேன். கோபம் வந்தது. அப்புறம்தான் யோசித்தேன், என்னைத் திருப்திப்படுத்தும் வேலையைத்தானே நான் கொடுத்திருந்தேன்? கால் அவருடையது என்பது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

இப்போது இரண்டு பயிற்சிதான். எதை முதலில் செய்ய முடிய வேண்டும் என்று அவரையே கேட்பேன். மாடி ஏறணும் என்பார் ஒருவர், பேரனைத் தூக்கணும் என்பார் இன்னொருவர். அதற்கு ஏற்ற இரண்டு. டிக் போடும் கட்டம் கிடையாது. எல்லோரும் செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். செய்யாதவர் "செய்யவில்லை" என்று நேராகச் சொல்கிறார், அதுவே பெரிய முன்னேற்றம்.

இந்தப் பக்கம் பேசுபவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தனிமனிதப் பொறுப்பு என்று தொடங்கி, விழுந்து கிடப்பவனைத் திட்டுவதில் போய் முடித்துவிடுகிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்தவரிடம் பொறுப்பைப் பற்றி வகுப்பெடுக்க முடியாது. முதல் நாட்களில் அவரைத் திருப்பிப் படுக்க வைப்பதுகூட நாங்கள்தான். செலவைக் குறைக்கிறேன் என்று சக்கர நாற்காலியில் கைவைக்கும் அரசு, கூடாத எலும்பின் கட்டைப் பிரிக்கும் மருத்துவரைப் போன்றது. குறைக்க வேண்டியது முதலில் வேறு இடங்களில் இருக்கிறது: யாருக்கும் பயனில்லாத சான்றிதழ்கள், காரணம் மறந்துபோன அனுமதிகள், நடமாடக்கூடியவரை வீட்டில் உட்கார வைக்கும் உதவித்தொகை விதிகள்.

பொறுப்பு என்றால் தனியாக நின்று சாவது என்றும் நினைக்க வேண்டாம். 1911இல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வருவதற்கு முன்பே லட்சக்கணக்கான தொழிலாளர்கள் நட்புச் சங்கங்களில் வாரச் சந்தா கட்டினார்கள். நோய் வந்தால் சங்கம் பணம் கொடுக்கும், பல சங்கங்கள் தங்களுக்கென்றே மருத்துவரை அமர்த்தியிருந்தன. சந்தா கட்ட வசதியில்லாத பரம ஏழைகள் வெளியேதான் நின்றார்கள். அந்தக் குறை நிஜம். அவர்களுக்கு மட்டும் கைகொடுத்துவிட்டுச் சங்கங்களை அதன் போக்கில் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில இரவுகளில் யோசிப்பதுண்டு.

போன மாதம் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெரியவர் மூன்றாம் முறையாக வந்தார். ஊன்றுகோலைக் கொண்டுவரவில்லை. "மறந்துட்டீங்களா?" என்றேன். வேண்டுமென்றேதான் வைத்துவிட்டு வந்தாராம். நான் கொடுத்த இரண்டு பயிற்சிகளோடு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பழகுவதை அவராகவே சேர்த்திருந்தார். முழங்கால் கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தது. பாதத்தை ஒரு விரற்கடை அகலமாக வைக்கச் சொன்னேன். மறுபடி எழுந்து காட்டினார், சரியாக வந்தது. அடுத்து எப்போது வரட்டும் என்று கேட்டார்.

"உங்களுக்குத் தேவைப்பட்டால் வாருங்கள்" என்றேன்.