ஆன்லைனில் படித்தால் சி.ஏ.எஸ்.ஸுக்குச் செல்லுமா? வரலாறு, கலைப் பாட ஆசிரியர்களுக்கு

கல்லூரியில் வரலாறு, தத்துவம், அரசியல் அறிவியல் நடத்தும் உதவிப் பேராசிரியர்கள் பலருக்கும் உள்ள சிக்கல் இது. துறையில் இருப்பதே இரண்டு மூன்று பேர். பாட அறிவைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷர் கோர்ஸுக்கு இரண்டு வாரம் வெளியூர் போனால் வகுப்பை யார் பார்ப்பது? கைக்குழந்தை இருக்கும் ஆசிரியைக்கு இன்னும் சிரமம். வீட்டிலிருந்தே மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயமில் ஒரு பாடத்தை முடித்தால், சி.ஏ.எஸ். எனப்படும் பணி முன்னேற்றத் திட்டத்தின் பதவி உயர்வுக்கு எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலை 18 அன்று வெளியிட்ட ஒழுங்குமுறைகளிலேயே இது வருகிறது. 2025 ஜனவரியில் ஒரு புதிய வரைவும் வெளியானது. நான் இங்கே சொல்வது 2018 விதிகளை வைத்து.

உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10-இலிருந்து 11-க்குப் போக, பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டு பணி, எம்.ஃபில். என்றால் 5, இரண்டும் இல்லை என்றால் 6. அதோடு கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் ஓரியண்டேஷன் கோர்ஸ் ஒன்று கட்டாயம். ஸ்வயம் பாடத்தைக் காட்டி இதைத் தவிர்க்க முடியாது. இந்தப் பயிற்சிகளை நடத்தும் பழைய மனிதவள மேம்பாட்டு மையங்கள் 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் உண்டு. இத்தகைய மையங்கள் இணையவழியிலும் பயிற்சி நடத்துகின்றன. அறிவிப்பைப் பார்த்து அதில் சேரலாம்.

ஓரியண்டேஷனுக்கு அடுத்து வரும் நிபந்தனையில்தான் நமக்கு வழி திறக்கிறது. ஒரு ரெஃப்ரெஷர் அல்லது ஆய்வு முறையியல் கோர்ஸ் முடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக மின் சான்றிதழோடு ஒரு மூக் (எல்லோரும் சேரக்கூடிய திறந்த இணையவழி) பாடம் முடித்தாலும் போதும். நிலை 11-இலிருந்து 12-க்குப் போகும்போது, கடைசி 5 ஆண்டுகளுக்குள் இப்படி இரண்டு வேண்டும். 12-இலிருந்து 13ஏ-வுக்கு, கடைசி 3 ஆண்டுகளுக்குள் ஒன்று.

இந்த மேல் நிலைகளில் “தொடர்புடைய பாடத்தில்” என்ற சொல் இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். வரலாற்று ஆசிரியர் எளிதாக இருக்கிறதே என்று மேலாண்மையில் ஒரு சான்றிதழ் வாங்கி வைத்தால், தேர்வுக் குழு கேள்வி கேட்கும். கேட்பதும் நியாயம்தான். தொல்லியல், கல்வெட்டியல், வரலாற்று வரைவியல், ஆவணக் காப்பகம் என்று தேடுங்கள். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலத்தைத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த பிறகு, பழைய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இரும்புக் காலம் நடத்த முடியுமா?

சரி, நடைமுறை. ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை எடுத்துக்கொள்வோம். அவை ஸ்வயமில் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு பருவமாக நடக்கின்றன. சேரக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்குக் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. பயிற்சியில் 10-ம் தேர்வில் 30-ம் எடுத்தால்தான் தேர்ச்சி. காணொளியை மட்டும் பார்த்து முடித்ததற்குச் சான்றிதழ் கிடையாது. முதல் சில வாரப் பயிற்சிகளைத் தவறவிட்டால் பிற்பாடு திண்டாட வேண்டிவரும்.

தேதிக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தகுதி நாளன்று நிபந்தனை நிறைவேறவில்லை என்றால், பின்னால் எந்த நாளில் நிறைவேறுகிறதோ அன்றிலிருந்துதான் பதவி உயர்வு. உங்கள் தகுதி நாள் ஆகஸ்டில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூலைப் பருவத்தில் சேர்ந்தால், முடிவு வருவதற்குள் அந்த நாள் தாண்டிவிடும். அத்தனை மாத ஊதிய வித்தியாசமும் போச்சு. ஜனவரியிலேயே சேர்ந்துவிடுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கான இணையவழி ரெஃப்ரெஷராக 2018 நவம்பரில் தொடங்கிய அர்ப்பித் திட்டத்தில் அப்போதே ஒரு பாடம் முடித்தவர்கள் அந்தச் சான்றிதழைத் தேடி எடுங்கள். 75 தேசிய வள மையங்கள் தயாரித்த அந்தப் பாடங்கள் 40 மணி நேரம். இறுதித் தேர்வும் உண்டு. ஒரு ரெஃப்ரெஷருக்குச் சமமாக அதை ஏற்கிறார்கள். மதிப்பீட்டுக் காலத்துக்குள் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொரு வழி, பலர் யோசிக்காதது. மற்றவர்களுக்கான பாடத்தை நீங்களே தயாரிக்கலாம். காணொளி, மின்னுரை, சுயமதிப்பீடு, கலந்துரையாடல் என்ற நான்கு கூறுகளோடு மின்பாடம் உருவாக்குவதும் ரெஃப்ரெஷருக்குப் பதிலாகக் கணக்கில் வரும். ஆய்வு மதிப்பெண்ணிலும் சேரும்: நான்கு கிரெடிட் கொண்ட முழு மூக் பாடத்துக்கு 20, தனி அலகு ஒன்றுக்கு 5. தமிழக வரலாறு நடத்துகிறவர்களுக்கு இதில் எவ்வளவோ வேலை காத்திருக்கிறது.